இரைகிற விசிறியின் வாயைப் பொத்தாதீர்கள்



பிள்ளை அழுதால் தாய் என்ன செய்கிறாள்? பசியா, காய்ச்சலா, எறும்பு கடித்துவிட்டதா என்று தேடிப் பார்க்கிறாள். சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகப் பிள்ளையின் வாயைப் பொத்துகிற தாயை நாம் கண்டதில்லை. இந்தச் சாதாரண அறிவை எமது வீட்டில் இருந்த ஒரு பொருளின் விடயத்தில் நான் பாவிக்கத் தவறிவிட்டேன். அதன் பலனை அனுபவித்தது நானல்ல, என் மகள். எனவேதான் இம்மாதம் இந்தப் பக்கத்தில் லெப்டொப்பின் இரைச்சலைப் பற்றி எழுதுகிறேன். "மௌலவிக்கு இது என்ன வேலை?" என்று கேட்காதீர்கள். பட்டவன் சொல்கிறேன்.

2020 மார்ச் மாதம் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்களெல்லாம் திரையின் வழியாக வரத் தொடங்கியபோது எத்தனையோ வீடுகளுக்குள் லெப்டொப் நுழைந்தது. எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது. புதிதல்ல, வேறொருவர் பாவித்தது. கல்வியியற் கல்லூரியில் படிக்கும் மூத்த மகள் தன் ஒப்படைகளையெல்லாம் அதில்தான் செய்கிறாள். சின்னவர்களுடைய பாடமும் அதில்தான்.

சில மாதங்களாக அது இரையத் தொடங்கியது. இரவில் நான் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்த உட்காருவேன். மேசையின் மறுபக்கத்தில் அவள் எழுதிக்கொண்டிருப்பாள். ஐந்து நிமிடம் அமைதி, பிறகு "உஸ்ஸ்" என்று ஓர் இரைச்சல், மறுபடி அமைதி, மறுபடி இரைச்சல். ஒருநாள் பொறுமை இழந்தேன்.

"என்ன மகள் இது, ஹெலிகொப்டர் இறங்குற மாதிரி? இந்தச் சத்தத்தை நிப்பாட்ட ஏலாதா?"

"செட்டிங்கில் சத்தம் குறைக்கிற ஒன்று இருக்கு வாப்பா. போட்டுப் பார்க்கிறேன்" என்றாள். போட்டாள். அதோடு எனக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று மேசையை விட்டு எழும்பி, கட்டிலில் தலையணையின் மேல் லெப்டொப்பை வைத்து எழுதப் பழகிக்கொண்டாள். வீடு அமைதியாகிவிட்டது. நானும் திருப்தியோடு விடைத்தாள்களைத் திருத்தினேன்.

இரண்டு வாரம் கூடச் செல்லவில்லை. ஒப்படை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் இரவு, அவளது திரை ஒரேயடியாகக் கறுத்துப் போனது. அஸருக்கு முன் சேமித்தது மட்டும்தான் மிச்சம். அதற்குப் பிறகு எழுதிய பதினொரு பக்கங்களும் போய்விட்டன. அவள் சத்தமாக அழவில்லை. விசைப்பலகையின் மேல் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள். நான் லெப்டொப்பைத் தூக்கினேன். அதன் அடிப்பக்கம் கேத்தலைத் தொட்டது போல் சுட்டது.

அந்த இரவின் மிச்சக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அடுத்த வாரம் அதைத் திருத்தும் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி அடித்தட்டைக் கழற்றி, விசிறிக்கும் காற்றுப் போகும் துவாரத்துக்கும் இடையிலிருந்து ஒரு துண்டை உரித்தெடுத்து என் கையில் வைத்தார். கம்பளித் துணி போல் இருந்தது. அது துணியல்ல. பல வருடத் தூசும் நூலும் தலைமயிரும் சேர்ந்து திரண்ட படை.

"மௌலவி, விசிறியில் பிழையில்லை. இவ்வளவு நாளும் இதைக் காப்பாற்றி வைத்திருந்ததே அதுதான்" என்றார் அவர்.

அன்று அவரிடம் கேட்டும், பிறகு தேடி வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே உங்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது?

லெப்டொப்பின் மூளை ‘புரொசெசர்’ எனப்படும் சிறிய சில்லு. பெருவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணிய சுவிட்சுகள் ஒவ்வொரு கணமும் திறந்து மூடுகின்றன. அது குடிக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. மெல்லிய லெப்டொப்களில் உள்ள சில்லுகளில் பல 15 வாட் அளவுக்கென ஆக்கப்பட்டவை. விளையாட்டுக்கும் வீடியோ வேலைக்குமான பெரியவற்றில் 45 வாட் என்பது வழமை. 15 வாட் என்ன பெரிதா என்று நினைக்க வேண்டாம். அறை முழுவதற்கும் வெளிச்சம் தரும் எல்ஈடி பல்புக்குச் செல்லும் மின்சாரம் ஒரு நகத்தளவு இடத்தில் சூடாக மாறினால் எப்படியிருக்கும்?

இந்தச் சூட்டை வெளியேற்றும் விதம் குசினியில் நிற்பவர்களுக்கு இலகுவில் விளங்கும். சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தால் உட்பக்கத்தில் நீர்த்துளிகள் நிற்கும் அல்லவா? கீழே ஆவியான நீர், மேலே மூடியில் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகிறது. லெப்டொப்பினுள் தட்டையான ஒரு செப்புக் குழாய் இருக்கிறது. காற்றை அகற்றி, சில துளி நீரை மட்டும் உள்ளே விட்டு அடைத்திருப்பார்கள். சில்லின் மேல் இருக்கும் முனையில் அந்த நீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே சீப்புப் பற்கள் போன்ற மெல்லிய உலோகத் தகடுகளுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு நீராகிறது. குழாயின் உட்சுவரில் உள்ள திரி அந்த நீரை உறிஞ்சிப் பழைய இடத்துக்கே கொண்டு வருகிறது. அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் 1963ஆம் ஆண்டு ஜோர்ஜ் குரோவர் என்பவர் விண்வெளிப் பாவனையை மனத்தில் கொண்டு உருவாக்கிக் காட்டிய முறை இது. இன்று அது எமது மேசையின் மேலேயே இருக்கிறது!

விசிறியின் வேலை அந்தத் தகடுகளினூடாகக் காற்றை ஊதுவது. பெரும்பாலும் அடிப்பக்கத் துவாரங்களால் குளிர்ந்த காற்றை இழுத்து, பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ சூடான காற்றைத் தள்ளுகிறது. இந்த வழியில் எங்கு அடைப்பு ஏற்பட்டாலும், ஊத வேண்டிய அளவை ஊதுவதற்காக விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும். நாம் கேட்கும் இரைச்சல் அதுதான்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். விசிறி எமது அறையின் காற்றைத்தான் ஊதுகிறது. 22 பாகையுள்ள குளிரூட்டிய அறையில் இருந்ததை 32 பாகையுள்ள எமது வெக்கையான அறைக்குக் கொண்டு வந்தால், விசிறி அதே வேகத்தில் சுற்றும்போது சில்லின் சூடும் ஏறத்தாழ அந்தப் பத்துப் பாகையால் ஏறும். நுவரெலியாவில் அமைதியாக இருக்கும் அதே லெப்டொப் மட்டக்களப்பிலோ மன்னாரிலோ இரைந்தால் அது இயற்கை.

வாயைப் பொத்தினால் என்ன நடக்கும்?

சூடு ஏறும்போது லெப்டொப் மூன்று படிகளில் தன்னைக் காத்துக்கொள்கிறது. முதற்படியில் விசிறியை வேகமாகச் சுற்றுகிறது. அது போதாமல் சில்லின் சூடு எல்லையைத் தொட்டால் இரண்டாம் படியாகத் தன் வேலையின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அந்த எல்லை பெரும்பாலானவற்றில் 95க்கும் 105 பாகைக்கும் இடையில் இருக்கும். "லெப்டொப் சரியான ஸ்லோ, புதிதாக ஒன்று வாங்க வேண்டும்" என்று நாம் முறையிடும் பல சந்தர்ப்பங்களில் உண்மையான காரணம் இந்தச் சூடுதான். அதையும் மீறினால் மூன்றாம் படி. எரிந்து போகாமல் இருப்பதற்காக மின்சாரத்தைத் தானே துண்டித்துவிடுகிறது. சேமிக்காத வேலை அத்தனையும் அந்தக் கணத்தில் போய்விடும்.

இப்போது பாருங்கள். நான் செய்தது என்ன? முதற்படியை அடைத்தேன். தூசு பாதி வழியை ஏற்கெனவே மூடியிருந்தது. மீதியைத் தலையணை மூடியது. மூன்றாம் படி தவிர அதற்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆகவே முதற் பாடம் இதுதான்: குறைக்க வேண்டியது சூட்டை. சூடு குறைந்தால் இரைச்சல் தானாகக் குறையும். இரைச்சலை மட்டும் குறைத்தால் சூடு குறையாது.

எந்தச் சத்தம்?

காது கொடுத்துக் கேட்டால் சத்தத்திலிருந்தே நோயைக் கண்டுபிடிக்கலாம்.

காற்றுச் சீறுவது போன்ற சீரான "உஸ்" சத்தம் வேலைப் பளுவையோ அடைப்பையோ காட்டும். "கர் கர்" என்று அரைப்பது போலவோ கடகடவென்றோ கேட்டால், விசிறியின் அச்சு தேய்ந்திருக்கும் அல்லது ஏதோ ஒன்று இதழில் உரசும். இதற்கு செட்டிங்கில் மருந்தில்லை. விசிறியை மாற்ற வேண்டும். பழைய லெப்டொப்களில் "டிக் டிக்" என்ற சத்தம் கேட்டால் அது விசிறியாக இல்லாமல் தகவல்களைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்காக இருக்கக்கூடும். உடனே படங்களையும் பாடங்களையும் வேறொன்றில் பிரதி எடுத்து வையுங்கள். நுளம்பு ரீங்காரம் போல் மெல்லிய கீச்சுச் சத்தம் சில மின்சுருள்களிலிருந்து வரும். அது காதுக்குத் தொல்லையே தவிர ஆபத்தானதல்ல.

சத்தமே இல்லாமல், ஆனால் அடிப்பக்கம் சுடுகிறது என்றால் அதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். விசிறி நின்று போயிருக்கலாம். 2020 இறுதியில் வந்த அப்பிளின் மெக்புக் எயர் போன்ற சிலவற்றில் விசிறியே கிடையாது. அவை சூடானால் சத்தமின்றித் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது குறையல்ல, ஆக்கப்பட்ட விதமே அப்படி.

முதலில் இருக்கும் இடத்தைத் திருத்துங்கள்

செலவில்லாத மருந்து இது. மெத்தை, தலையணை, போர்வை, கம்பளம், குஷன் நாற்காலி ஆகிய எவற்றின் மீதும் லெப்டொப்பை வைக்க வேண்டாம். துணி அடித்துவாரங்களை அடைப்பதோடு தன் நூலையும் உள்ளே அனுப்புகிறது. கட்டிலில் இருந்துதான் வேலை செய்ய வேண்டுமென்றால் கீழே ஒரு பலகையோ பெரிய தட்டமோ வைத்து அதன் மேல் வையுங்கள்.

மேசையிலும் அதன் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் மேலும் நல்லது. ஒரே அளவான இரண்டு போத்தல் மூடிகளைப் பின்பக்க ரப்பர் கால்களின் கீழ் வைத்தால் போதும். துவாரங்களை மட்டும் மறைக்க வேண்டாம். சூடான காற்று வெளியேறும் பக்கத்தைச் சுவரோடும் புத்தகக் குவியலோடும் ஒட்டி வைக்காதீர்கள். வெயில் விழும் யன்னலோரத்திலிருந்து அகற்றுங்கள். அழகுக்காகப் பின்னல் விரிப்புப் போடுகிற சகோதரிகள், ஓடிக்கொண்டிருக்கும் லெப்டொப்பின் மேல் அதைப் போட வேண்டாம்.

மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைப்பது உதவும். ஆனால் சூடாகிவிட்டதென்று பிரிஜ்ஜுக்குள் வைப்பது, ஐஸ் பையின் மேல் வைப்பது போன்றவற்றை ஒருபோதும் செய்யாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் எமது ஈரக்காற்று நீராகப் படியும். அந்த நீர் மின்சுற்றைக் கெடுக்கும்.

வேலை முடிந்ததும் மூடியை மட்டும் மூடிப் பைக்குள் வைக்கிற பழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. அது உறங்கும் என்று நினைக்கிறோம். சிலவேளை பைக்குள்ளேயே விழித்தெழுந்து வெந்துகொண்டிருக்கும். பைக்குள் வைக்கும்போது முழுமையாக நிறுத்திய பின் வையுங்கள்.

உள்ளே யார் வேலை செய்கிறார்கள்?

நாம் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே அது இரைகிறதென்றால் உள்ளே வேறு யாரோ வேலை செய்கிறார்கள். வின்டோஸ் உள்ள லெப்டொப்பில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் ‘டாஸ்க் மெனேஜர்’ திறக்கும். அதில் ‘சீபீயூ’ என்ற தலைப்பின் மேல் ஒருமுறை அழுத்தினால் அதிகம் வேலை வாங்குபவர் மேலே வருவார்.

பெரும்பாலும் அது திறந்தபடி விட்ட இருபது இணையப் பக்கங்களாக இருக்கும். அவற்றை மூடுங்கள். வின்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். வைரஸ் காவல் புரோகிராம் கோப்புகளைச் சோதித்துக்கொண்டிருக்கலாம். அது நல்ல வேலை. சற்று நேரம் விட்டால் தானாக முடியும். ஆனால் பெயரே அறியாத ஒன்று நாள் முழுவதும் சில்லை முழுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். பிள்ளைகள் இலவசமென்று இறக்கிய விளையாட்டோடு சேர்ந்து வந்த கள்ளனாக அது இருக்கக்கூடும். அடுத்தவனுக்குப் பணம் தேடிக் கொடுப்பதற்காக எமது மின்சாரத்தில் எமது லெப்டொப்பைக் கொதிக்க வைக்கும் புரோகிராம்களும் உண்டு.

பிறகு செட்டிங்

இடமும் உள்வேலையும் சரியான பின்னரே செட்டிங்குக்கு வர வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

ஒரு விடயத்தை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். விசிறியின் வேகம் இரு மடங்கானால் அதன் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் ஏறும். பத்து டெசிபெல் ஏறினாலே எமது காதுக்கு இரு மடங்கு சத்தமாகக் கேட்கும். எனவே சூட்டைக் கொஞ்சம் குறைத்தாலும் இரைச்சலில் பெரிய வித்தியாசம் தெரியும். அதே போல, சில்லு தன் உச்ச வேகத்தை எட்டுவதற்கு மின்னழுத்தத்தையும் கூட்டிக்கொள்கிறது. அந்தக் கடைசிச் சிறு வேகத்துக்காக அது குடிக்கும் மின்சாரமும் கக்கும் சூடும் மிக அதிகம். வெறும் தட்டச்சுக்கும் குர்ஆன் வகுப்புக்கும் சமையல் வீடியோவுக்கும் அந்தக் கடைசி வேகம் தேவையில்லை.

முதலாவது: வின்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்ற வழியில் போனால் ‘பவர் மோட்’ என்ற இடம் வரும். அங்கே மூன்று தெரிவுகள். ‘பெஸ்ட் பெர்போமன்ஸ்’ என்பது முழு வேகம், முழு இரைச்சல். ‘பெலன்ஸ்ட்’ என்பது நடுத்தரம். ‘பெஸ்ட் பவர் எபிஷியன்சி’ என்பது சிக்கனம். சாதாரண வீட்டு வேலைக்கு நடுத்தரமோ சிக்கனமோ போதும்.

இரண்டாவது: கொன்ட்ரோல் பெனலில் ‘பவர் ஒப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து, திட்டத்தை மாற்றும் இடத்தின் வழியாக ‘அட்வான்ஸ்ட்’ செட்டிங்ஸுக்குப் போனால், ‘புரொசெசர் பவர் மெனேஜ்மென்ட்’ என்ற பகுதி இருக்கும். அதில் ‘மெக்சிமம் புரொசெசர் ஸ்டேட்’ 100 வீதம் என்றிருக்கும். அதை 99 ஆக்கினால் பல லெப்டொப்களில் அந்தக் கடைசி உச்ச வேகம் நின்றுவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "உஸ்" என்று ஏறி இறங்கும் இரைச்சல் பெரும்பாலும் இதோடு அடங்கும். வீடியோ தொகுப்பது போன்ற கனமான வேலை இருந்தால் மட்டும் அந்த நேரத்துக்கு 100க்கு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது: அதே பகுதியில் ‘சிஸ்டம் கூலிங் பொலிசி’ என்று ஒன்றுண்டு. ‘அக்டிவ்’ என்றால் வேகத்தைக் குறைப்பதற்கு முன் விசிறியைக் கூட்டும். ‘பசிவ்’ என்றால் விசிறியைக் கூட்டுவதற்கு முன் வேகத்தைக் குறைக்கும். குழந்தை உறங்கும் அறையில் எழுதுகிற தாய்க்குப் ‘பசிவ்’ உதவும். மற்ற நேரங்களில் ‘அக்டிவ்’ இருக்கட்டும். புதிய லெப்டொப்கள் சிலவற்றில் இந்த இரண்டு வரிகளும் காட்சி தராது. இல்லையென்றால் கவலை வேண்டாம், பவர் மோட் போதும்.

நான்காவது: கம்பனிகள் தாமே வைத்திருக்கும் தெரிவுகள். லெனோவோ லெப்டொப்கள் பலவற்றில் எப்என் விசையோடு கியூ விசையை அழுத்தினால் அமைதி, நடுத்தரம், வேகம் என்று மாறும். அசூஸ் லெப்டொப்கள் பலவற்றில் எப்என் விசையோடு எப் விசை. டெல்லில் அதன் சொந்தப் புரோகிராமுக்குள் நடுத்தரம், குளிர்ச்சி, அமைதி, உச்ச வேகம் என நான்கு உண்டு. எச்பி லெப்டொப்கள் சிலவற்றில் சார்ஜில் இருக்கும்போது விசிறி நிற்காமல் ஓட வேண்டுமா என்ற ஒரு தெரிவு, தொடக்கத்தில் எப்10 அழுத்தித் திறக்கும் ‘பயோஸ்’ பகுதியில் இருக்கிறது. எப்போதும் மெல்லிய சத்தம் வருகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

இங்கே ஒரு கேள்வி எழும். "அமைதி என்ற தெரிவைக் கம்பனியே வைத்திருக்கிறதே, அது ஏன் உங்கள் மகளின் வேலையைக் கெடுத்தது?" என்பீர்கள். அந்தத் தெரிவில் குறையில்லை. சுத்தமான லெப்டொப்பை மேசையில் வைத்துப் பாவிக்கும்போது அது சரியாகவே தொழிற்படும். வழி அடைபட்ட ஒன்றுக்கு அதைப் போட்டதுதான் பிழை. அத்துடன் விசிறியின் வேகத்தை எமது கையாலேயே கட்டுப்படுத்தும் வெளிப் புரோகிராம்களை இணையத்திலிருந்து இறக்கி விசிறியை நிறுத்தி வைக்கிற விளையாட்டை மட்டும் பிள்ளைகளுக்கு அனுமதிக்காதீர்கள்.

தூசு தட்டலும் கடைக்குக் கொடுத்தலும்

பூனையோ கம்பளமோ உள்ள வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மற்ற வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறையும் தூசு எடுப்பது நல்லது. லெப்டொப்பை முழுமையாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றுங்கள். மென்மையான சிறு பிரஷ்ஷினால் வெளித் துவாரங்களைத் துடையுங்கள். காற்றூதும் டின் இருந்தால் விட்டு விட்டு ஊதுங்கள். விசிறியின் இதழ் தெரிந்தால் ஒரு மெல்லிய குச்சியால் அது சுழலாமல் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். கட்டுக்கு மீறிச் சுழன்றால் அச்சு கெடும். வெகியூம் கிளீனரை அதன் மேல் வைக்க வேண்டாம். அதில் உண்டாகும் நிலைமின் சுற்றுகளைப் பாதிக்கலாம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

வருடக் கணக்கில் திறக்காத லெப்டொப்பாக இருந்தால் வெளியால் ஊதுவது போதாது. திறந்து சுத்தம் செய்ய வேண்டும். சில்லுக்கும் செப்புக் குழாய்க்கும் இடையில் பூசியிருக்கும் பசையும் காலப்போக்கில் காய்ந்துவிடும். அதையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலம் முடியாததாக இருந்தால் முதலில் வாங்கிய இடத்தில் கேளுங்கள்.

சகோதரிகளே! இந்த இடத்தில் ஒரு முக்கியமான விடயம். எமது லெப்டொப்பில் என்னென்ன இருக்கின்றன? கல்யாண வீட்டுப் படங்கள், பெண்பிள்ளைகளின் படங்கள், குடும்பத்தின் கடிதங்கள், வங்கி விபரங்கள். பர்தாவைப் பேணுகிற நாம் அத்தனையையும் ஒரு பைக்குள் போட்டு முன்பின் தெரியாத கடையொன்றில் ஒரு கிழமைக்கு விட்டுவிட்டு வருகிறோம்! கொடுப்பதற்கு முன் படங்களை வேறொன்றுக்கு மாற்றி, லெப்டொப்பிலிருந்து அழித்துவிடுங்கள். மின்னஞ்சல், முகநூல் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். விசிறியைச் சுத்தம் செய்வதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. சுத்தம் செய்வது நீண்ட வேலையுமல்ல. வீட்டிலுள்ள ஒருவர் கூடவே இருந்து செய்வித்துக்கொண்டு வருவதே சிறந்தது. நான் அப்படித்தான் இருந்தேன்.

இவற்றைக் கண்டால் தாமதிக்காதீர்கள்

அடித்தட்டு வீங்கியிருந்தாலோ, விரலால் தடவும் பகுதி மேலெழுந்து நின்றாலோ, மூடி சரியாக மூடாமல் போனாலோ உள்ளே பெற்றரி வீங்கியிருக்கிறது என்று பொருள். நீண்ட நாள் சூடு பெற்றரியின் ஆயுளைத் தின்னும். வீங்கிய பெற்றரி தீப்பிடிக்கவும் கூடும். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மேற்கொண்டு சார்ஜ் போடாதீர்கள். தெரிந்தவரிடம் கொண்டு போய் மாற்றுங்கள். கருகிய நாற்றம் வந்தால் உடனே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இரவில் மெத்தையின் மேல் சார்ஜ் போட்டபடி உறங்குகிற பழக்கம் எந்தப் பிள்ளையிடம் இருந்தாலும் இன்றே நிறுத்துங்கள்.

இனி, அன்றிரவின் மிச்சக் கதை. அரை மணித்தியாலம் ஆறவிட்ட பின் லெப்டொப் மறுபடி உயிர் பெற்றது. செட்டிங்கைப் பழையபடி மாற்றினாள். பிள்ளைகளின் உம்மா குசினியிலிருந்து மரப்பலகை ஒன்றைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினோம். நான் விடைத்தாள்களைக் கட்டி வைத்துவிட்டு மகளின் குறிப்புக் கொப்பியை எடுத்து வரிவரியாக வாசித்தேன். அவள் தட்டச்சுச் செய்தாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் "சேவ் பண்ணிட்டீங்களா மகள்?" என்று கேட்டேன். சுபஹுக்குச் சற்று முன்னர் பதினொரு பக்கங்களும் முடிந்தன.

அந்த இரவு முழுவதும் விசிறி இரைந்துகொண்டே இருந்தது. நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.